பனிமலைப் பயணமும் பருத்தி உடையும்

சென்ற மாதம் கணக்குத் தணிக்கையின் பொருட்டுப் பாடாலூருக்குச் சென்றிருந்தேன். வேலை முடிந்து புறப்படும் தறுவாயில், பருத்தி பயிரிடும் மூத்த அங்கத்தினர் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். அவருடைய மகனும் அவன் தோழர்கள் நால்வரும் வருகிற மார்கழியில் இமயமலைப் பகுதியிலுள்ள கேதார்காந்தா சிகரத்தில் ஏறுவதற்கு ஏற்பாடு செய்திருக்கிறார்களாம். “சார், தாங்கள் அந்தப் பக்கத்து மலைகளில் ஏறியவர் என்று செயலாளர் சொன்னார். பையன்கள் எழுதி வைத்திருக்கும் சாமான் பட்டியலைப் பார்த்துச் சொல்லுங்கள்” என்று ஒரு தாளை நீட்டினார்.

ஆளுக்கு நான்கு பனியன், இரண்டு ஜீன்ஸ், இரண்டு சட்டை, ஒரு ஸ்வெட்டர், ஒரு குரங்குக் குல்லா, இரண்டு துண்டு, ஒரு கான்வாஸ் ஷூ. இவ்வளவே பட்டியல். “எல்லாம் சுத்தமான பருத்தி, சார், உடம்புக்கு ஒன்றும் செய்யாது” என்றார் பெரியவர், சிறிது பெருமையோடு. நான் பேனாவை எடுத்து, ஸ்வெட்டரையும் குல்லாவையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. “பருத்தி போட்டுப் பிழைக்கிற ஊருக்கு வந்து பருத்தி ஆகாது என்கிறீர்களே!” என்றார். பேருந்துக்கு நேரமாகிவிட்டபடியால் அன்று அவருக்கு முழு விடை கூற இயலவில்லை. இக்கட்டுரை அந்த விடையாகும். பனிமலைக்குச் செல்பவர் நம்மிடையே சிலரே எனினும், நெய்பவருக்கும் விளைவிப்பவருக்கும் தங்கள் சரக்கின் குணாகுணங்களை அறிந்துகொள்ள இது ஒரு வாய்ப்பு என்று கருதியே விரிவாக எழுதத் துணிந்தேன்.

முதலில் அம்மலையைப் பற்றி. உத்தராகண்ட மாநிலம் உத்தரகாசி மாவட்டத்தில், கோவிந்த் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் இருக்கிறது கேதார்காந்தா. உயரம் ஏறத்தாழ 3,800 மீட்டர், அதாவது 12,500 அடி. டேராடூனிலிருந்து ஒரு முழுப் பகல் வண்டியில் சென்றால் சாங்க்ரி என்ற சிற்றூர் வரும். அங்கிருந்து நடை. பைன், ஓக் மரக்காடுகளின் வழியே இரண்டு மூன்று நாட்கள் ஏறி, கடைசி முகாமிலிருந்து விடியலுக்கு முன்பே சிகரத்துக்குப் புறப்படுவது வழக்கம். காடு உள்ளவரையில் மரங்கள் காற்றைத் தடுக்கும். மர எல்லையைத் தாண்டிய பிறகு தடுக்க ஒன்றுமில்லை. வெறும் பனிச்சரிவும் வானமுமே. நம் பச்சைமலையின் உயரம் 1,000 மீட்டர் அளவே என்பதையும், அங்கும் மார்கழி இரவில் கம்பளி வேண்டியிருக்கிறது என்பதையும் நினைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும்.

ஆயிரம் மீட்டர் ஏறினால் சராசரியாக ஆறரை டிகிரி சென்டிகிரேடு வெப்பம் குறைகிறது. சமவெளிக்கும் கேதார்காந்தாவின் உச்சிக்கும் உயர வித்தியாசத்தால் மட்டுமே இருபத்துநான்கு டிகிரிக்குக் குறையாத வேறுபாடு உண்டு. வடநாட்டுக் குளிர்காலம் அதற்கு மேல். விடியற்காலையில் பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி என்பது அங்கே அதிசயமன்று. அதோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் காற்றும் வீசுமானால், திறந்த தோலுக்கு அது பூஜ்யத்துக்குக் கீழே 21 டிகிரியைப் போல உறைக்கும் என்று வானிலை அறிஞர் கணக்கிட்டிருக்கின்றனர்.

குளிர்காலத்தில் மட்டுமே ஆபத்து என்றும் எண்ணிவிடலாகாது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், அதே உத்தரகாசிப் பகுதியில், 14,000 அடிக்கு மேலுள்ள சஹஸ்ரதால் ஏரிக்குச் சென்று திரும்பிக்கொண்டிருந்த குழுவொன்றைப் பனிப்புயல் வளைத்துக்கொண்டது. பெரும்பாலோர் கர்நாடகத்திலிருந்து சென்றவர்கள். ஒன்பது பேர் குளிரில் மடிந்தனர். மற்றவர்களை மீட்க ஹெலிகாப்டர்கள் செல்ல வேண்டியிருந்தது. சித்திரை வெயிலை நாம் கடந்து ஒரு மாதமே ஆகியிருந்த காலம் அது. இந்நிகழ்ச்சியை எழுதுவது பையன்களைப் பயமுறுத்துவதற்காக அன்று. உடைத் தேர்வை யாரும் ஜவுளிக்கடை விஷயமாக மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதற்காகவே.

இனிப் பருத்தியைக் கவனிப்போம். பருத்தி ஈரத்தை இழுக்கும் என்பதை நாம் கையிலிருந்து பணம் கொடுத்து அறிந்திருக்கிறோம். இந்தியப் பருத்திக் கழகத்தார் கொள்முதல் செய்யும்போது, ஈரம் நூற்றுக்கு எட்டு வரை இருந்தால் முழு விலை. அதற்கு மேல் விலைக் குறைப்பு. பன்னிரண்டைத் தாண்டினால் சரக்கே வேண்டாம் என்று திருப்பிவிடுகிறார்கள். வெளியூர்க் காற்றில் வைத்த பருத்தி நூல் சாதாரணமாகத் தன் எடையில் நூற்றுக்கு எட்டரை பங்கு ஈரத்தைத் தாங்கும் என்பது நூற்பாலைக் கணக்கு. பாலியெஸ்டர் நூலோ நூற்றுக்கு அரைப் பங்குகூட ஏற்பதில்லை. நம் ஊர் வெயிலில் இந்த ஈர இழுப்புப் பெரிய பாக்கியம். பனியன் வியர்வையைக் குடித்துக்கொள்கிறது. அது உலரும்போது உடம்பின் சூட்டை எடுத்துச் செல்கிறது. நமக்குக் குளிர்ச்சி உண்டாகிறது. ஒரு லிட்டர் வியர்வை ஆவியாவதற்குச் செலவாகும் வெப்பம் ஏறத்தாழ 580 கிலோ கலோரி. அதே ஒரு லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் வெப்பத்தைப் போல இது எட்டு மடங்காகும்.

பனிமலையில் இதே குணம் பகையாகிறது. மூட்டை சுமந்து சரிவில் ஏறும்போது எவ்வளவு குளிரிலும் வியர்க்கும். பருத்திப் பனியன் அதைக் குடித்து, நனைந்து, தோலோடு ஒட்டிக்கொள்ளும். நடை நின்றதும் உடம்பு உண்டாக்கும் சூடு குறைந்துவிடும். ஆனால் நனைந்த துணி சூட்டை உறிஞ்சுவதை நிறுத்தாது. மேலும் தண்ணீர், அசையாத காற்றைவிட ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவது. உலர்ந்த துணியில் இழைகளுக்கிடையே நிற்கும் காற்றுத்தான் நம்மைக் காக்கிறது. நனைந்த பருத்தியில் அந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்கிறது. ஜீன்ஸ் இன்னும் மோசம். கனத்த பருத்தி நெசவு. நனைந்தால் ஒரு நாளிலும் உலராது. பனியில் விறைத்துத் தகடாகிவிடும்.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்து எழுதவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் அதே மலையில், வழக்கம் போல் பருத்திப் பனியன் அணிந்து, அதன் மேல் விலையுயர்ந்த கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு வேகமாக ஏறினேன். பட்டதாரி என்ற எண்ணம் வேறு! மர எல்லைக்கு மேலே ஒரு முகட்டில் படம் எடுப்பதற்காகக் கோட்டைத் திறந்துவிட்டு நின்றேன். ஐந்து நிமிடம் இருக்கும். பல் கிட்டிக்கொண்டது. ஷூவின் கயிறு அவிழ்ந்திருந்தது. அதை முடியக் குனிந்தால் விரல்கள் என் சொல் கேட்கவில்லை. உள்ளூர் வழிகாட்டி என்னைப் பாறை மறைவுக்கு இழுத்துச் சென்று, கோட்டையும் பனியனையும் கழற்றச் செய்து, தம் பையிலிருந்த உலர்ந்த கம்பளி உள்சட்டையை மாட்டிவிட்டார். அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றச் சொல்கிறாரே என்று அவர் மேல் எனக்குக் கோபங்கூட வந்தது. குளிர் மூளையைத் தொடும்போது இப்படி வீண் கோபமும் பிடிவாதமும் தோன்றுவதுண்டு என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

ஆகவே, தோலை ஒட்டிய முதல் உடை எது என்பதே முதற் கேள்வி. கோட்டின் விலை அதற்கு அடுத்ததுதான். முதல் உடைக்கு ஏற்றவை கம்பளியும் பாலியெஸ்டரும். பாலியெஸ்டர் ஈரத்தைத் தனக்குள் ஏற்பதில்லை, பின்னலின் இடைவெளி வழியே வெளியே தள்ளிவிடும், விரைவில் உலரும், விலையும் குறைவு. நாற்றம் பிடிப்பது அதன் குறை. கம்பளியோ பருத்தியைவிட அதிகமாக, நூற்றுக்குப் பதினாறு பங்கு ஈரம் ஏற்பது. அப்படியானால் அது எப்படி உதவும் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். ஆட்டு மயிர் சுருள் சுருளானது. ஈரம் இழையின் உள்ளே செல்கிறது. வெளிப்புறம் தண்ணீரை விலக்குகிறது. சுருள் நனைந்தும் தளர்ந்து விழுவதில்லை. ஆதலால் இழைகளுக்கிடையே காற்று நிலைத்து நிற்கிறது. பருத்தி நனைந்தால் படிந்துவிடும்; கம்பளி நனைந்தும் எழுந்து நிற்கும். வேற்றுமை இவ்வளவே. கடையில் ‘தெர்மல்’ என்று சொன்னதும் வாங்கிவிடக் கூடாது. பருத்தி கலந்த தெர்மல்களும் ஏராளமாக விற்கின்றன. உட்புறச் சீட்டைப் படித்தே வாங்க வேண்டும்.

இரண்டாவது அடுக்கு, சூட்டைக் காக்கும் அடுக்கு. கம்பளி ஸ்வெட்டரும் ஆகும். ‘ஃபிளீஸ்’ என்ற பாலியெஸ்டர் மென்மயிர்ச் சட்டையும் ஆகும். நடக்கும்போது இவ்விரண்டு அடுக்கே பெரும்பாலும் போதும். ஓய்வு கொள்ளும் இடத்திலும் முகாமிலும் அணிவதற்குத் திணிப்புக் கோட்டு ஒன்று தனியே வேண்டும். நம் வீடுகளில் இலவம்பஞ்சுத் தலையணை ஏன் கதகதப்பாக இருக்கிறது? பஞ்சு சுடுவதில்லை, அது பிடித்து வைத்திருக்கும் காற்றே காரணம். வாத்திறகுக் கோட்டும் அதே தத்துவந்தான். எடைக்கு எடை பார்த்தால் இறகுக்கு ஈடில்லை. ஆனால் நனைந்தால் உருண்டு கட்டியாகிப் பயனற்றுப்போகும். செயற்கை நாரடைத்த கோட்டு சற்றுக் கனம், ஈரத்தையும் ஓரளவு பொறுக்கும், விலையும் மலிவு. முதன் முறை செல்பவர்களுக்கு இரண்டாவதையே நான் சொல்வேன்.

இவ்வாறு அடுக்கடுக்காய் உடுப்பது புதிய கண்டுபிடிப்பன்று. 1924இல் எவரெஸ்டில் மறைந்த ஜார்ஜ் மல்லோரியின் உடல் 1999ஆம் ஆண்டு மே மாதம் கண்டெடுக்கப்பட்டபோது, பட்டு, பருத்தி, கம்பளி எனப் பல அடுக்குகளின் எச்சங்களும், அவற்றின் மேல் காபர்டீன் துணியின் எச்சமும் அதில் இருந்தன. பின்னர் 2006இல் அதே மாதிரி உடைகளைத் தைத்து எவரெஸ்டுப் பகுதியில் அணிந்து பார்த்தனர். நாம் நினைத்ததைவிட நன்றாகவே உழைத்தன. பட்டின் வழுவழுப்பினால் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மேல் தடையின்றி நழுவியதாம். ஜெயங்கொண்டம் பக்கத்துப் பட்டு நெசவாளர்கள் இதை அறிந்தால் மகிழ்வார்கள். 1922இல் ஜார்ஜ் ஃபிஞ்ச் என்பவர் பலூன் துணிக்குள் வாத்திறகை அடைத்துக் கோட்டுத் தைத்துக்கொண்டு எவரெஸ்டுக்கு வந்தபோது, உடன் வந்தவர்கள் நகைத்தார்கள். குளிர் ஏறியபின் நகைப்பு நின்றது. இன்று எவரெஸ்டில் இறகுக் கோட்டில்லாதவரைக் காண்பது அரிது. 2023 மே மாதம் அச்சிகரத்தை எட்டிய விருதுநகர் மாவட்டத்து முத்தமிழ்ச்செல்வியும் நம்மைப் போல வெயிலில் வளர்ந்தவரே.

மூன்றாவது அடுக்கு காற்றையும் பனியையும் தடுப்பது. இங்கேதான் பெரியவருக்கு ஓர் ஆறுதல் செய்தி உண்டு. காபர்டீன் என்பது நெருக்கமாக நெய்த சாய்வரி நெசவு, 1879இல் இங்கிலாந்தில் தாமஸ் பர்பெரி உருவாக்கியது, பருத்தியிலும் நெய்யப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது, குளிர்ந்த கடலில் விழும் விமானிகளைக் காப்பதற்கென்று மான்செஸ்டரிலிருந்த ஷெர்லி ஆராய்ச்சி நிலையத்தார் ‘வென்டைல்’ என்ற துணியைக் கண்டனர். அது முழுக்க முழுக்கப் பருத்தி. நீண்ட இழைப் பஞ்சை நூற்று, பாவும் ஊடையும் மிக நெருங்குமாறு நெய்வார்கள். நனைந்தவுடன் பருத்தி இழை பருக்கும் அல்லவா? அந்தப் பருப்பே துளைகளை அடைத்துத் தண்ணீரை நிறுத்திவிடும். உலர்ந்திருக்கும்போது காற்றோட்டம் இருக்கும். உள்ளே பகையாக நின்ற குணம் வெளியே காவலாக மாறுகிறது! 1953 மே 29ஆம் நாள் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்டில் கால் வைத்த பயணத்திலும் காற்றுத்தடுப்பு உடைகள் பருத்தியும் நைலானும் கலந்து நெய்தவையே. ஆகவே பருத்தியை மலையிலிருந்து நான் அடியோடு துரத்தவில்லை. தோலிலிருந்து தள்ளி வைக்கிறேன், அவ்வளவே. ஆயினும் அத்தகைய துணி இன்று விலை மிகுந்தது. நம் இளைஞர்கள் உட்பூச்சுள்ள நைலான் மேற்கோட்டும் கால்சட்டையும் வாங்கினால் போதும். தலைமூடி இணைந்திருக்க வேண்டும். அக்குளுக்குக் கீழே திறந்து மூடும் ஜிப் இருந்தால் மிக நன்று. வியர்க்கும் முன் திறந்துவிடுவது, நின்றவுடன் மூடிவிடுவது என்ற பழக்கமே எந்தக் கோட்டையும்விட உயர்ந்தது. துணி காற்றைத் தடுக்குமா என்றறிய உதட்டோடு சேர்த்து வைத்து ஊதிப் பார்க்கலாம். மறுபக்கம் கை வைத்தால் மூச்சு தெரியக் கூடாது.

காலுக்கு வருவோம். கான்வாஸ் ஷூ பனியில் அரைமணி நேரத்தில் நனைந்துவிடும். கணுக்காலை மூடும், நீர் புகாத, அடியில் ஆழ்ந்த பற்களுள்ள பூட்ஸ் வேண்டும். கனத்த கம்பளிக் காலுறையோடு அணிந்து பார்த்து, விரல்கள் தாராளமாக அசையும் அளவில் வாங்க வேண்டும். இறுக்கமான பூட்ஸில் இரத்த ஓட்டம் தடைப்பட்டு விரல்கள் உறையும். இரண்டு காலுறை போட்டு இறுக்கினால் சூடு மிகும் என்பது தவறான எண்ணம். உறங்குவதற்கென்று ஓர் உலர்ந்த ஜோடி காலுறையைப் பைக்குள் தனியே கட்டி வைத்து, வேறெதற்கும் அதைத் தொடக் கூடாது. பூட்ஸுக்குள் பனி புகாமல் முழங்கால்வரை கட்டும் ‘கெய்ட்டர்’ உறையும், இறுகிய பனியில் வழுக்காமலிருக்க அடியில் மாட்டும் இரும்புப் பற்களும் அவசியம். ஊன்றுகோலும் வேண்டும், வெள்ளியங்கிரி மலை ஏறியவர்களுக்கு மூங்கில் தடியின் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை.

கைக்கு இரண்டு உறை: உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றும் நீரும் புகாதது. ஒன்று காற்றில் பறந்துவிட்டால் மாற்றுக்கு இன்னொன்று. குரங்குக் குல்லா கம்பளியாயின் சரிதான். கறுப்புக் கண்ணாடியைப் பலர் அலங்காரமென்று நினைத்து விட்டுவிடுகிறார்கள். பனியில் பட்டுத் திரும்பும் வெயில் ஒரே நாளில் கண்ணைப் புண்ணாக்கிவிடும். புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடி இன்றி உச்சிக்குப் போகவே கூடாது. தலையில் கட்டும் விளக்கும் மாற்று பாட்டரியும் வேண்டும். பாட்டரிகளையும் கைப்பேசியையும் இரவில் உடம்போடு வைத்துக்கொள்ளாவிட்டால் குளிரில் சக்தி இறங்கிவிடும். தண்ணீர்ப் புட்டியைத் தலைகீழாக வைப்பது ஒரு சிறு தந்திரம். பனிக்கட்டி மேலிருந்துதான் கட்டும். காலையில் நிமிர்த்தினால் வாய் அடையாமலிருக்கும்.

படுக்கைப் பை வாங்குவோர் அதில் அச்சிட்ட வெப்ப அளவுகளில் ‘கம்ஃபர்ட்’ என்ற எண்ணையே நம்ப வேண்டும். ‘எக்ஸ்ட்ரீம்’ என்ற எண் உறக்கத்துக்கானதன்று. உயிர் தப்புவதற்கான கடைசி எல்லை. பையைவிடக் கீழே விரிக்கும் பாய் முக்கியமென்று சொன்னால் பலர் நம்புவதில்லை. உடம்பின் பாரத்தால் அடியிலுள்ள திணிப்பு நசுங்கி, அதிலிருந்த காற்று போய்விடுகிறது. பிறகு நிலம் நேராகச் சூட்டை உறிஞ்சுகிறது. ஆதலால் நுரைப்பாய் இன்றியமையாதது. முதுகுப் பைக்குள் கனத்த பாலிதீன் பை ஒன்றை இட்டு, உலர்ந்த துணிகளை அதனுள் வைத்துக் கட்ட வேண்டும். உரமூட்டைக்குள் உள்பை வைக்கும் அதே காரணந்தான். ஆனால் பழைய உரப்பையை உபயோகிக்க வேண்டாம், புதிது வாங்குங்கள்.

செலவைப் பற்றிப் பெரியவர் கவலைப்பட்டார், நியாயமே. எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. தோலைத் தொடும் உடைகள், காலுறை, பூட்ஸ் ஆகியவை அவரவர் அளவுக்கு அமைய வேண்டியவை, சொந்தமாக வாங்குக. திணிப்புக் கோட்டு, கெய்ட்டர், இரும்புப் பற்கள், ஊன்றுகோல் முதலியவை சாங்க்ரியிலேயே வாடகைக்குக் கிடைக்கும். கூடாரமும் படுக்கைப் பையும் அழைத்துச் செல்வோர் கொடுப்பதே வழக்கம். ஆனால் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். ஐவர் சேர்ந்து செல்வதால் மருந்துப் பெட்டி, சுடுநீர்க் குடுவை, மாற்றுக் கையுறை இவற்றைப் பொதுவில் வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். கூட்டாக வாங்கினால் விலை குறையும் என்பதை நம் அங்கத்தினர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

நிற்க. எவ்வளவு சாமான் இருந்தும், குளிர் ஏறும் அறிகுறிகளை ஐவரும் அறிந்திருக்க வேண்டும். முதலில் அடக்க முடியாத நடுக்கம். பிறகு கைத் தடுமாற்றம், நாக் குழறல், தள்ளாட்டம், காரணமற்ற எரிச்சல். உடலின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே இறங்கிவிட்டால் அது மருத்துவ ஆபத்து. நடுக்கம் நின்றுவிட்டால் குணமாயிற்று என்று கொள்ளலாகாது. நிலைமை முற்றிவிட்டது என்று பொருள். உடனே காற்று மறைவுக்குக் கொண்டுபோய், ஈர உடையைக் கழற்றி, உலர்ந்ததை அணிவித்து, நினைவிருந்தால் இனிப்பிட்ட சூடான பானம் கொடுக்க வேண்டும். மது கூடவே கூடாது. அது தோலின் இரத்தக் குழாய்களை விரியச் செய்து, உள்ளே மிஞ்சிய சூட்டையும் வெளியே விட்டுவிடும். உறைந்த விரலைப் பனியால் தேய்க்கும் பழைய வைத்தியமும் தவறு. இதுவன்றி, உயரத்தால் தலைவலியும் குமட்டலும் கண்டு, ஓய்வெடுத்தும் தீராவிட்டால் எந்த உடையும் உதவாது. கீழே இறங்குவதே மருந்து.

இதை எழுதும் வாரத்தில் மீண்டும் பாடாலூர் சென்றேன். பட்டியல் முழுவதும் மாறியிருந்தது. பெரியவரின் சொல்லுக்கிணங்க ஒரு பருத்தித் துண்டு மட்டும் நின்றது. காட்டுப் பகுதியில் முகம் துடைக்க உதவட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். பையன்கள் புதிய பூட்ஸை அணிந்து, மூட்டையுடன், நாள்தோறும் காலையில் பூமலைச் சஞ்சீவிராயர் கோயிலுக்கு ஏறி இறங்கிப் பழகுகிறார்கள். மூன்றாம் நாளே ஒருவனுக்குக் குதிகாலில் கொப்புளம் கண்டது. அளவு போதவில்லை. கடையில் கொடுத்து அரை அளவு பெரியதாக மாற்றிக்கொண்டு வந்திருக்கிறான், இப்போது கடிக்கவில்லையாம்.